தபாலாபீசில் இறங்கிய ஆவி

எங்கள் கிர்கிஸ் மலையூர் கோக்-புலாக்கில் ஒருவர் பாட்டுக் கட்டிவிட்டால் அது எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள். "என்ன கனவு கண்டே?" என்பதுதான் முதல் கேள்வி. கனவில் வெண்தாடிக் கிழவர் ஒருவர் வந்தாக வேண்டும். வெள்ளைக் குதிரையில் வந்தால் ரொம்ப விசேஷம். நடந்து வந்தால் பாட்டும் கொஞ்சம் மட்டம்தான். வந்தவர் மரக்கிண்ணத்தில் தினைக்கஞ்சி நீட்டுவார், மறுபேச்சில்லாமல் குடித்துவிட வேண்டும். குடித்தால் விடிந்ததும் பாட்டு கொட்டும். வேண்டாம் என்றால் வாய் கோணிக்கொள்ளும், கொட்டிலில் ஆடு சாகும். உட்கார்ந்து யோசித்து, அடித்துத் திருத்தி எழுதினேன் என்று எவனாவது வாய் தவறிச் சொன்னால், அடுத்தவன் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் சல்கின் அக்கா முப்பது வருஷம் ஒரு கனவும் காணாமல் பாட்டுக் கட்டினாள். அதுவும் ஒப்பாரிப் பாட்டு.

எங்கள் பக்கம் சாவு விழுந்தால் முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டு அதற்குள் பிணத்தைக் கிடத்துவோம். ஆண்கள் வெளியே தடியை ஊன்றிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ வேண்டும். பெண்கள் உள்ளே கூடாரச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்ல வேண்டும். செத்தவர் யார், என்ன செய்தார், எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் அந்தப் பாட்டில் வந்தாக வேண்டும். அழ எல்லாருக்கும் வரும், பாட்டு எல்லாருக்கும் வருமா? வராத வீடுகளிலிருந்து சல்கினுக்கு ஆள் வரும். ஆரம்பத்தில் குதிரையோடு வந்தார்கள், பிறகு மோட்டார் சைக்கிள், அப்புறம் கார். மற்ற நேரமெல்லாம் அவள் எங்கள் ஊர்த் தபாலாபீசில் உட்கார்ந்து முத்திரை குத்துவாள், தந்தி அடிப்பாள், டெலிபோன் லைன் போட்டுக் கொடுப்பாள்.

பாட்டை அவள் கற்றுக்கொண்டதும் அந்த நாற்காலியில்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒரு மேய்ப்பன் மனைவி வந்தாள். பட்டாளத்தில் இருக்கும் மகனுக்குத் தந்தி அடிக்க வேண்டுமாம். சிவப்பு மாடு கன்று போட்டது, கன்றுக்கு நெற்றியில் வெள்ளை, அப்பாவுக்கு முழங்கால் வீங்கி ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறார், பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீருக்குப் போகும்போதெல்லாம் உன்னைப் பற்றிக் கேட்கிறாள், ஆனால் கேட்காத மாதிரி கேட்கிறாள் என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். தந்தியில் ஒரு சொல்லுக்கு ஐந்து கோபெக். அவள் கையில் இருந்ததோ ஏழு சொல்லுக்குத்தான் காணும். சல்கின் பென்சிலை எடுத்து வெட்டினாள். "மாடு ஈன்றது அப்பா நொண்டுகிறார் அவள் காத்திருக்கிறாள் வா." வாசித்துக் காட்டியதும் அந்த அம்மா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் இதைத்தான்மா சொல்ல வந்தேன்" என்றாள்.

சல்கினுக்கு அன்று விஷயம் பிடிபட்டுவிட்டது. வேண்டாததைத் தூக்கி எறிந்துவிட்டால் மிச்சம் இருப்பது பாட்டு. ஆக, அவளுக்கு அருள் பாலித்த தெய்வத்தின் பெயர் தந்திக் கட்டணம். அதற்குத் தாடியும் கிடையாது, குதிரையும் கிடையாது.

வெட்டத் தெரிந்தால் போதுமா, வெட்டுவதற்குச் சரக்கு வேண்டாமா? அதற்கும் குறைவில்லை. தபாலாபீசில் ஒரே ஒரு டெலிபோன் கூண்டு. அதன் கதவு எண்பத்தொன்றாம் வருஷத்திலிருந்து சாத்த வராது. தலைநகரத்துக்குப் பேசுகிறவர்கள், அவ்வளவு தூரம் குரல் போக வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். வாசலில் கட்டியிருக்கும் குதிரைக்குக்கூட எங்கள் ஊர்க் குடும்ப விவகாரம் அத்தனையும் தெரியும். ஆனால் கூண்டுக்குள் போய்விட்டால் யார் காதிலும் விழாது என்று ஊரே நம்பியது. அந்த நம்பிக்கையை அசைக்க யாராலும் முடியவில்லை.

அதனால்தான் ஆவிக் கதை பிறந்தது. காட்டுக் காவலர் ஒருவர் செத்தபோது சல்கின் ஒரு வரி வைத்தாள். கருமி கருமி என்று ஊர் ஏசிய அந்த மனுஷன், சண்டையில் தன்னை முதுகில் சுமந்து வந்த தோழனுக்கு வருஷா வருஷம் வாதுமைப் பருப்பு அனுப்பினார் என்று. பெண்டாட்டி பிள்ளைகளுக்கே தெரியாத சமாச்சாரம். கூடாரத்துக்குள் இருந்தவர்கள் வெலவெலத்துப் போனார்கள். செத்தவரின் ஆவிதான் வந்து இவள் காதில் ஓதியிருக்கிறது என்றார்கள். "பார்சலுக்கு அரக்கு வச்சதே நான்தான்" என்றாள் சல்கின். யார் கேட்டார்கள்? அரக்கு வைத்தவள் பாட்டுக் கட்டினாள் என்பதில் என்ன சுவாரசியம் இருக்கிறது.

அவளுக்கு இரண்டு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருப்பவரைப் பற்றி மூச்சு விடமாட்டாள். வேலைக்குச் சேரும்போது ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாளே. செத்த பிறகு அந்தக் கையெழுத்து செல்லாது என்பது அவளாகச் செய்துகொண்ட தீர்மானம். இரண்டாவது, இல்லாததைப் பாட்டில் வைக்கமாட்டாள். நடக்காத ஒன்றை ஒரு வரிகூட அவள் கட்டியதில்லை. இதில் அவளுக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்தக் கர்வத்துக்கு எமனாக வந்து வாய்த்தவர் கலாசார மன்றத் தலைவர் துர்தாகுன். மனுஷருக்குப் பாடத் தெரியாது, வாசிக்கத் தெரியாது, விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரியும். மாவட்டத்தில் யாருக்கு நாட்டுப்புறக் கலைஞர் பட்டம் கிடைக்க வேண்டுமானாலும் அவரிடம் இருந்த பாரத்தை நிரப்ப வேண்டும். அதில் நான்காவது கட்டம்: "அருள் கிட்டிய கனவு, கண்ட வருடம், கனவில் வந்தவர்." சல்கின் அந்தக் கட்டத்தில் கோடு கிழித்துக் கொடுத்தாள். துர்தாகுன் பாரத்தைத் திருப்பி அனுப்பினார். பதினோரு வருஷம், பதினோரு தடவை, இந்தக் கூத்து நடந்தது.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் அவரே மாவட்டப் பத்திரிகையில் எழுதிவிட்டார். சல்கினின் கனவில் வெள்ளைக் குதிரையில் வந்த பெரியவர் மரக்கிண்ணத்தில் தினைக்கஞ்சி கொடுத்ததாகவும், அவள் அதைக் கண்ணீரோடு குடித்ததாகவும் அரைப்பக்கம். கண்ணில் பட்டதும் சல்கின் தலையில் அடித்துக்கொண்டாள். தனக்குச் சின்ன வயதிலிருந்தே தினைக்கஞ்சி பிடிக்காது, கனவில் யார் கொடுத்தாலும் குடித்திருக்கமாட்டேன் என்று பத்திரிகைக்குக் கடிதம் போட்டாள். அதை அடுத்த வாரம் "மேதைகளின் பணிவு" என்று தலைப்புக் கொடுத்துப் போட்டார்கள். வீட்டில் அவள் கணவர் சிதிக், டிராக்டர் ஓட்டுகிறவர், ஒரு மாதம் இதைச் சொல்லியே அவள் உயிரை வாங்கினார்.

"நீ விடுற குறட்டைக்குப் பயந்து பூனையே வீட்டுக்குள்ள வர்றதில்ல. குதிரை எப்படிடி வந்துச்சு?"

இதுதான் சல்கின் அக்கா. இனி ஜுமகதிர் கிழவர் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜுமகதிர் மேல் தெருவில் இருந்த குதிரை வளர்ப்பவர். மனைவி போய்ச் சேர்ந்து நாளாயிற்று. பெரிய மகன் பெக்தூர், கடைக்குட்டி மகள் கனிஷாய். பள்ளிக்கூடம் முடித்த வருஷமே கனிஷாயைப் பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன் ஒருவன் நண்பர்களோடு வந்து காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனான். பெண் எடுக்கிறானாம். பையன் வீட்டுக் கிழவிகள் அவள் தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டு அமுக்கினார்கள், அது விழுந்தால் கல்யாணம் முடிந்த கணக்கு. பெரியவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து சமாதானம் பேசினார்கள். ஜுமகதிரும் தேநீர் குடித்துச் சரி என்றார். எல்லாரும் சரி என்றாயிற்று, அந்தப் பெண்ணைத் தவிர. விடிந்ததும் அவள் முக்காட்டை வாசற்படியில் போட்டுவிட்டு, பன்னிரண்டு மைல் நடந்து சாலைக்கு வந்து, பஸ் ஏறிப் போய்விட்டாள். வேறு நாட்டில், கரகாந்தாவில் போய்த்தான் நின்றாள். புகுந்த வீட்டை விட்டு மறுநாளே வெளியேறினவள் என்று ஊர் காறித் துப்பியது. தூக்கிக்கொண்டு போனவனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, பாவம், அவனுக்கு அவமானமாகப் போய்விட்டதல்லவா. ஜுமகதிர் அறுபது பேர் உட்கார்ந்திருந்த பந்தியில் எழுந்து நின்று, "எனக்கு மகள் இல்ல" என்றார்.

இரண்டு வருஷம் கழித்துப் புதுவருஷ வாழ்த்து அட்டை ஒன்று வந்தது. சல்கினே கொண்டுபோய்க் கொடுத்தாள். கிழவர் முற்றத்தில் நாலு பேர் பார்க்க அதை நாலாகக் கிழித்தார். அடுத்த வாரம் தபாலாபீசுக்கு வந்தார். தபால்தலை பார்த்தார், சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் பார்த்தார், எல்லாரும் போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, அந்த அட்டைல கீழே ஏதோ நம்பர் மாதிரி இருந்துச்சோ?" என்றார்.

சல்கின் அதைக் குறித்து வைத்திருந்தாள். எண்ணைப் பார்த்தால் எழுதி வைப்பது அவள் கைவழக்கம். கரகாந்தாவில் ஒரு பஸ் டிப்போவின் எண் அது. கனிஷாய்க்கு அங்கே டெலிபோன் எடுக்கிற வேலை. சல்கின் லைன் போட்டுக் கொடுத்து, இணைப்பு கிடைத்ததா என்று காதில் மாட்டிக் கேட்டாள். "டிப்போ, சொல்லுங்க" என்றது கனிஷாயின் குரல். கிழவர் கூண்டுக்குள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சொல்லுங்க. யாரு? ஹலோ?" கிழவர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். இவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"லைன் இன்னிக்குத் தெளிவா இருக்கு" என்றார், போய்விட்டார்.

அதிலிருந்து பத்து வருஷம், மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி. வேறு குரல் எடுத்தால் மறுநாள் திரும்ப வருவார். ஒரு தடவைகூடப் பேசவில்லை. அவள்தான் பேசினாள். முதல் வருஷம் யாரு யாரு என்று கேட்டாள். பிறகு எரிச்சல் பட்டாள். அப்புறம் திட்ட ஆரம்பித்தாள். ஊமைப் பயலே, உனக்கு வேற வேலை இல்லையா, உன் நாக்கு அழுகிப் போக என்று, கிர்கிஸ் பாஷையில், எங்கள் ஊர் வசவையெல்லாம் வாரிக் கொட்டுவாள். ஊரில் இந்தக் கிழவரை எதிர்த்து இருமுவதற்கே ஆள் கிடையாது. அவரோ தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, பிரசங்கம் கேட்பது போலக் கடைசி வசவு வரைக்கும் நின்று கேட்பார். சல்கினுக்கு ஆத்திரமாக வரும். ஒரு வார்த்தை பேசினால் என்ன கிழவா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்க நாக்கு துடிக்கும். கையெழுத்துப் போட்டிருக்கிறாளே, அடக்கிக்கொள்வாள்.

பத்தாம் வருஷம் இலையுதிர் காலத்தில் ஜுமகதிர் குதிரைக்குச் சேணம் பூட்டிக்கொண்டே சரிந்து விழுந்து செத்தார். செய்தி கேட்டதும் சல்கின் தபாலாபீசைத் திறந்து கரகாந்தாவுக்கு லைன் போட்டாள். கனிஷாய்தான் எடுத்தாள். இத்தனை பேர் சாவைப் பாடின சல்கினுக்கு இரண்டு மூச்சு நேரம் பேச வரவில்லை. "இன்னும் சாகலையாடா நீ?" என்றது அந்தப் பக்கம். சல்கின் லைனைத் துண்டித்துவிட்டுத் தந்தி அடித்தாள். "அப்பா காலமானார் மூன்றாம் நாள் அடக்கம் வா."

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கனிஷாய் வந்து இறங்கினாள். நகரத்துக் கோட்டு, கையில் ஒரு பை, தலையில் அவசரமாகக் கட்டின கறுப்புத் துணி. முற்றத்து வாசலில் பெக்தூர் தடியைக் குறுக்கே நீட்டினான். வெளியே நின்று அழுதுகொண்டிருந்த ஆண்கள் அழுகையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"எங்கப்பா ஊர் முன்னாடி சொன்னாரு, எனக்கு மகள் இல்லேன்னு. அதை மாத்தணும்னா அவரே வந்து சொல்லட்டும்" என்றான்.

மதியம் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதற்குள் கூடாரத்தில் உட்கார்ந்து சுவர் பார்த்து அழாத பெண், அந்த வீட்டுப் பெண்ணே அல்ல. பிறகு எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் அவளுக்கு அங்கே ஒரு கிண்ணம் தேநீர் கிடையாது, அப்பன் சமாதியில் கை ஏந்தி நிற்கும் உரிமை கிடையாது. இரண்டு மணி நேரத்தில் முடிந்து போகிற காரியம். கனிஷாய் கெஞ்சவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு வேலி ஓரமாக நின்றாள்.

சல்கின் பெக்தூரைத் தேநீர் சமோவார் கொதிக்கும் மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளதை உள்ளபடி சொன்னாள். பத்து வருஷம், ஐந்தாம் தேதி, கூண்டு, எல்லாவற்றையும்.

பெக்தூர் கெட்டவன் இல்லை. "பேசினாராக்கா?" என்றான்.

"இல்ல."

"ஒரு வார்த்தை? வான்னு? மன்னிச்சேன்னு?"

"இல்லடா தம்பி. கேட்டுக்கிட்டுத்தான் நின்னாரு."

"அப்புறம் எதை வச்சுக்கா நான் ஊரைச் சமாளிக்கிறது? இல்லேன்னு சொன்னதை அறுபது பேரு கேட்டாங்க. பேசாததை நீங்க ஒருத்தர் கேட்டீங்க."

அவன் போய்த் திரும்பத் தடியை ஊன்றிக்கொண்டான். சல்கின் சமோவார் பக்கத்திலேயே நின்றாள். முப்பது வருஷமாக உண்மையைக் கூவிக் கூவி விற்றவள் அவள். ஒரு பயல் வாங்கவில்லை. இன்றைக்கும் வாங்கப் போவதில்லை. இந்த ஊரில் கண்ணால் கண்ட சாட்சிக்கு மதிப்பில்லை, கண்ணை மூடிக்கொண்டு கண்டதற்குத்தான் மதிப்பு. வாசலில் துர்தாகுன் சாவு வீட்டிலும் நோட்டுப் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தார். அவர் மூஞ்சியைப் பார்த்ததும் சல்கினுக்கு அந்த நான்காவது கட்டம் ஞாபகம் வந்தது. விறுவிறுவென்று கூடாரத்துக்குள் போனாள்.

உள்ளே பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். சல்கின் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, இடுப்பில் கையை ஊன்றி, வெளியே ஆண்களுக்கும் வேலி ஓரத்தில் நிற்கிறவளுக்கும் கேட்கும்படி எடுத்தாள்.

மாதம் பிறந்து அஞ்சாம் நாள்
மலையிறங்கி வந்தவரே
கதவு சாத்தாக் கூண்டுக்குள்ள
காதுகொடுத்து நின்னவரே
டிப்போ சொல்லுங்க என்ற குரல்
தேனாட்டம் கேட்டவரே
ஏசினாலும் வைதாலும்
எதிர்பேசாமல் நின்னவரே
பத்து வருஷம் தேக்கி வச்ச
பாழும் சொல்லைக் கொண்டுக்கிட்டு
நேத்து என் கனவில் வந்து
நெஞ்சுவிட்டுச் சொன்னீரே
வாசலிலே நிறுத்தாதே
வந்த மகளை உள்ளே விடு

கனவு என்ற சொல் வந்ததும் கூடாரத்துக்குள் பெண்கள் சுவரை விட்டு அவள் பக்கம் திரும்பினார்கள். வெளியே துர்தாகுனின் பென்சில் கீழே விழுந்த சத்தம்கூடக் கேட்டது என்று பிறகு சொன்னார்கள். முந்தின வரிகள் எல்லாம் சத்தியம், கடைசி நாலு வரி பச்சைப் பொய். சல்கின் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தானாகக் கட்டினது.

பெக்தூர் கூடார வாசலில் குனிந்து நின்றான்.

"கனவுல என்ன போட்டிருந்தாரு?" என்று கேட்டான்.

"தொப்பியைக் கையில வச்சிருந்தாரு" என்றாள் சல்கின், திரும்பிப் பார்க்காமல். "ஓரம் பிரிஞ்ச தொப்பி. நெஞ்சுல அழுத்திக்கிட்டு."

அந்த ஓரத்தைத் தைத்துத் தருகிறேன் என்று பெக்தூரின் மனைவி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், கிழவர் கொடுத்ததில்லை. பெக்தூர் தடியைக் கீழே போட்டான். வேலிக்குப் போய்த் தங்கையின் பையைத் தானே எடுத்துக்கொண்டு, அவளை முன்னால் விட்டுக் கூட்டி வந்தான். பத்து நிமிஷத்துக்கு முன் வேடிக்கை பார்த்த ஆண்கள் இப்போது இரண்டு மடங்கு சத்தமாக அழுதார்கள்.

கனிஷாய் அப்பாவின் தலைமாட்டுப் பக்கம் சுவர் பார்த்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஒப்பாரி தெரியாது, யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கொஞ்ச நேரம் வெறும் மூச்சாக வந்தது. பிறகு வெடித்துக்கொண்டு வந்தது. "ஊமைன்னு சொன்னேனே அப்பா, நாக்கு அழுகிப் போகன்னு சொன்னேனே" என்று சுவரில் நெற்றியை மோதிக்கொண்டாள். அங்கிருந்த பெண்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ரொம்பத் திருப்தி. இவளுக்கும் இறங்கிவிட்டது என்று ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னார்கள். சல்கின் ஒருத்திக்குத்தான் அது என்ன வரி என்று தெரியும். அவள் கனிஷாயின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கூடவே அழுதாள், பாட்டில்லாமல்.

ஏழாம் நாள் காரியத்துக்குள் பத்திரிகையில் முழுப்பக்கம் வந்துவிட்டது. பதினோரு வருஷமாகத் தான் சொன்னதுதான் சரி என்று துர்தாகுன் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். பாரத்தையும் கையோடு கொண்டு வந்தார். சல்கின் தபாலாபீஸ் பேனாவால் நான்காவது கட்டத்தை நிரப்பினாள். கனவு கண்ட வருடம்: இந்த வருடம். வந்தவர்: ஜுமகதிர். மறுத்து ஒரு வார்த்தை பேச முடியாது இனி. கனவு இல்லை என்று சொன்னால் கனிஷாய் உட்கார்ந்த இடமும் இல்லை என்று ஆகிவிடுமே. "தினைக்கஞ்சி கொடுத்தாரா?" என்று துர்தாகுன் ஆசையாகக் கேட்டார். கொடுக்கவில்லை, அவசரத்தில் இருந்தார் என்றாள் சல்கின். ஊரில் மூன்று பேர் தங்கள் செத்துப்போன மாமனார்களிடம் காணி எல்லை பற்றிக் கேட்டுச் சொல்லும்படி வந்து நின்றார்கள். லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினாள். "முப்பது வருஷம் நிஜத்தைச் சொன்ன, பைத்தியம்னாங்க. ஒரே ஒரு பொய், மேதை ஆயிட்ட" என்றார் சிதிக். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

ஊருக்குப் போகிற அன்று கனிஷாய் தபாலாபீசுக்கு வந்தாள். டிப்போவுக்குத் தந்தி ஒன்று கொடுத்தாள், எந்த நாள் வேலைக்கு வருகிறேன் என்று. பிறகு கூண்டுக்குப் போய்ச் சாத்தாத கதவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். உள்ளே போய் நின்றாள். சல்கின் முத்திரை குத்துவதை நிறுத்தவில்லை.

"சல்கின் அக்கா" என்றாள் கூண்டுக்குள்ளிருந்தே. "உள்ளே விடுன்னு அவர் நிஜமா சொன்னாரா?"

ஊருக்கெல்லாம் ஒரு தடவை பொய் சொன்னாயிற்று, இவளுக்கும் ஒரு தடவை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று சல்கினுக்கு ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. முத்திரையைக் கீழே வைத்தாள்.

"இல்லம்மா. கனவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த நாலு வரி நான் கட்டினது."

கனிஷாய் தலையை ஆட்டினாள். எதிர்பார்த்துத்தான் கேட்டிருக்கிறாள். "அப்போ வச்சுட்டு வெளியே வந்து என்ன சொல்வாரு? எதாவது சொல்லியிருப்பாரே?"

"லைன் இன்னிக்குத் தெளிவா இருக்குன்னு சொல்வாரு. அவ்வளவுதான். போயிடுவாரு."

"நான் திட்டின அன்னிக்கு?"

"திட்டின அன்னிக்கு ரொம்பத் தெளிவா இருக்குன்னு சொல்வாரு" என்றாள் சல்கின்.